சினை நின்ற செய்தியைத் தாய்க்கு அறிவிப்பது யார்?

ரெட்டியார்பாளையத்தில் கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. “சினை ஊசி போட்டோம், இருபத்தோராம் நாள் மாடு மறுபடியும் கத்துகிறது. ஊசி பழுதா, மாடு பழுதா?” என்பதே அது. இரண்டும் பழுதின்றி இருக்கவும் கூடும். கரு உண்டாகியும், அது தன் வரவைத் தாய்க்கு உரிய நாளில் அறிவிக்கத் தவறியிருக்கலாம்.

பசுவும் எருமையும் ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறையும், செம்மறியாடு 17 நாட்களுக்கு ஒருமுறையும் பருவத்துக்கு வருகின்றன. முட்டை வெளிப்பட்டபின் சினைப்பையில் அதே இடத்தில் ‘மஞ்சள் திரள்’ என்னும் ஒன்று உருவாகிறது. அதில் ஊறும் புரோஜெஸ்ட்ரான் என்னும் ஹார்மோனே கருப்பையைக் கருவுக்கு ஏற்ற இடமாக வைத்திருப்பது. செய்தி ஏதும் வாராவிடில், ஏறத்தாழ 17-ஆம் நாளளவில் கருப்பையே பிராஸ்டகிளாண்டின் என்னும் பொருளை விட்டுவிட்டு வெளியிட்டு மஞ்சள் திரளைக் கரைத்துவிடும். பின்னர் மாடு மீண்டும் பருவத்துக்கு வரும். ஆகவே கரு இருந்தால் மட்டும் போதாது. தவணைக்குள் அது குரல் கொடுக்கவும் வேண்டும்.

1966-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூர், ரோசன் என்னும் இருவர் செம்மறியாடுகளைக் கொண்டு இதனைத் தெளிவாக்கினர். 12-ஆம் நாள் வரையில் கருவை எடுத்துவிட்டால், ஆடு வழக்கம்போல் பருவத்துக்கு வந்தது. 13-ஆம் நாளிலோ அதன் பின்னரோ எடுத்தால், கரு இல்லாதபோதும் மஞ்சள் திரள் கரையாமல் நீடித்தது. செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

அச்செய்தியைச் சுமப்பது கருவின் வெளியுறையில் சுரக்கும் ஒரு புரதம். 1979-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களும், 1982-இல் அமெரிக்கர்களும் செம்மறியில் அதனை இனங்கண்டனர். 1987-இல் அதன் அமைப்பை ஆராய்ந்தபோது வியப்பான உண்மை ஒன்று வெளியாயிற்று. அது இன்டர்பெரான் குடும்பத்தைச் சேர்ந்தது! இன்டர்பெரான் என்பது வைரஸ் கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கிக்கொள்ளும் பொருளென 1957-லேயே அறியப்பட்டிருந்தது. நோயை எதிர்க்கும் காவற்காரனுக்குக் கருப்பையில் என்ன வேலை?

நம் நெசவாளர்கள் இதனை எளிதில் உணர்வர். நல்ல டிசைனுக்குரிய ஜக்கார்டு அட்டைக் கட்டு ஒன்றிருக்கிறது. அதற்கு நகல் எடுத்துவிட்டால், மூலக் கட்டு பழைய புடவையை நெய்துகொண்டேயிருக்க, நகலில் துளைகளை மாற்றிப் புதுக் கரை போடலாம். ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அசைபோடும் பிராணிகளின் முன்னோரிடத்தில் ‘ஒமேகா’ என்னும் இன்டர்பெரானின் மரபணு இவ்வாறே நகலாயிற்று. நகல் நாளடைவில் மாறியது. அதனை இயக்கும் விசையும் மாறிற்று. வைரஸ் வந்தால் விழிப்பது போய், கருவின் உறை வளரும் சில நாட்களில் மட்டும் விழிப்பதாயிற்று. 172 அமினோ அமிலங்கள் கோத்த இப்புரதத்துக்கு ‘இன்டர்பெரான் டௌ’ என்று பெயர். கருப்பைச் சுவரில் ஆக்ஸிடோசினை ஏற்கும் வாயில்கள் தோன்றாதபடி இது தடுக்கிறது. ஆக்ஸிடோசினின் தூண்டுதல் இல்லையேல் பிராஸ்டகிளாண்டின் அலையலையாக எழாது. மஞ்சள் திரள் பிழைத்துக்கொள்கிறது.

பசு, எருமை, ஆடு, மான், ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றுக்கு இப்புரதம் உண்டு. ஒட்டகத்துக்கும் பன்றிக்கும் குதிரைக்கும் இல்லை. பன்றியின் கரு ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு அறிவிக்கிறது. மனிதக் கருவோ முற்றிலும் வேறொரு ஹார்மோனைக் கொண்டு. ஒரே வேலைக்கு ஒவ்வோர் இனமும் கைக்குக் கிடைத்த கருவியை எடுத்துக்கொண்டது போலும்.

இதில் நமக்கென்ன ஆதாயம் என்று கேட்பீர்கள். பசுவின் கரு 13-ஆம் நாளில் சில மில்லிமீட்டரே இருக்கும். 17-ஆம் நாளுக்குள் நூலிழைபோல் ஒரு சாணுக்கு நீண்டுவிடும். நீள நீளப் புரதமும் பெருகும். கரு சிறுத்திருந்தால் குரல் எட்டாது. நலமுள்ள மாடும் மறுபருவம் வந்துவிடும். கடும் வெப்பத்தால் இந்நாட்களில் கரு சிறுக்கிறதென்பது சோதனைகளில் கண்டது. புதுச்சேரிச் சித்திரை வெயிலில், ஊசி போட்ட பசுவை முதல் மூன்று வாரங்கள் தகரக் கொட்டகையில் வாட்டுவது கன்றை இழப்பதற்கு வழி. நிழலும் நிறையத் தண்ணீரும் தருக. தீவனத்தைத் திடீரென மாற்ற வேண்டா.

ஓரிரு முறை பருவம் திரும்பியதும் ‘மலடு’ என்று தள்ளி, வந்த விலைக்கு விற்றுவிடும் வழக்கத்தை நாம் ஒப்பவில்லை. ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்து, 18 முதல் 24-ஆம் நாள்வரை காலையும் மாலையும் கவனியுங்கள். பருவம் வாராவிடினும் அதுவே சினைக்குச் சான்றன்று. ஒரு மாதம் கழிந்தபின் ஸ்கேன் மூலமும், இரண்டு மாதம் கழிந்தபின் கையாலும் மருத்துவர் கண்டு சொல்வார். குரும்பாப்பேட்டைக் கால்நடை மருத்துவ நிறுவனம் நமக்கு அருகிலேயே உள்ளது.

இன்னொன்று. பருவத்துக்கு வாராத மாட்டுக்குப் பருவம் வரவழைக்கப் பிராஸ்டகிளாண்டின் ஊசி போடுவதுண்டு. கரு தடுத்து நிறுத்திய அதே பொருளை நாமே வெளியிலிருந்து செலுத்துகிறோம். கருவின் புரதம் அப்போது உதவாது, மஞ்சள் திரள் கரைந்து சினை கலைந்துவிடும். ஆதலால் சினை இல்லையென்று மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை அந்த ஊசிக்கு இசையாதீர்கள். முன்பு கருவூட்டிய தேதியை அவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.