இழுத்தால் இறுகும் பிடி

சிறுநீர்ப்பைக்குள் நுழையும் கிருமிகளை விரட்ட உடல் கையாளும் முதல் வழி, வெள்ளம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பை காலியாகும்போது கிருமிகளில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்படும். அப்படியிருந்தும் சிறுநீர்ப்பாதைத் தொற்று உலகெங்கும் கோடிக்கணக்கானோரை, குறிப்பாகப் பெண்களை, வாட்டுகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அந்த வெள்ளத்தில் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் உடலெங்கும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஓர் இழையின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். ஃபிம்ஏ என்ற புரதம் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து, சுருளாக அமைந்து, இழையின் தண்டை உருவாக்குகிறது. அதன் நுனியில் ஒரே ஒரு ஃபிம்ஹெச் புரதம் இருக்கும். ஒட்டும் வேலை அதனுடையது.

சிறுநீர்ப்பையின் உட்சுவரில் உள்ள செல்களை யூரோபிளேக்கின் என்ற புரதங்கள் போர்த்தியிருக்கின்றன. அவற்றில் ஒரு வகையின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரை தொங்குகிறது. ஃபிம்ஹெச்சின் நுனியில் உள்ள சிறு குழி அந்தச் சர்க்கரையைக் கவ்விக்கொள்கிறது.

பொதுவாக மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பை இழுத்தால் அது சீக்கிரம் விடுபடும். இங்கே நடப்பது நேர்மாறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டி தாமஸ், வயோலா ஃபோகல், யெவ்கெனி சொகுரென்கோ குழுவினர் 2002ஆம் ஆண்டு இதைக் காட்டினர். சோதனையில் திரவம் மெதுவாக ஓடியபோது பாக்டீரியாக்கள் செல்களோடு தளர்வாகவே ஒட்டின. ஓட்டத்தின் வேகம் கூடியதும் உறுதியாகப் பற்றி நின்றன.

காரணம் ஃபிம்ஹெச்சின் அமைப்பிலேயே இருக்கிறது. அது இரண்டு பகுதிகளால் ஆனது: ஒன்று சர்க்கரையைப் பிடிப்பது, மற்றொன்று தண்டோடு இணைவது. சாதாரண நிலையில் இரண்டும் நெருங்கியிருக்க, குழி தளர்ந்திருக்கும். இழுவிசை வந்ததும் பகுதிகள் விலகுகின்றன. குழி சுருங்கி, சுருக்குக் கயிறுபோல் சர்க்கரையை இறுக்குகிறது. தண்டும் சும்மா இருப்பதில்லை. சுருள் அவிழ்ந்து பல மடங்கு நீண்டு, நுனிக்கு வரும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

ஒட்டிய கிருமிகளில் சில செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். ஆண்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலிடமும் எதிர்த்தந்திரம் உண்டு. சிறுநீரகம் சுரக்கும் யூரோமாடுலின் என்ற புரதம் மேனோஸைச் சுமந்தபடி சிறுநீரில் மிதக்கும். ஃபிம்ஹெச் அதைப் பற்றிக்கொண்டால், சுவரில் ஒட்ட முடியாமல் கிருமி வெளியேறிவிடும். அதிகம் தண்ணீர் குடிப்பதும் வீண் இல்லை. அது இன்னும் ஒட்டாத கிருமிகளை வெளியேற்ற உதவுகிறது.

யூரோமாடுலினின் தந்திரத்தை மருந்தாக்க ஆய்வாளர்கள் முயல்கின்றனர். வெறும் மேனோஸ் பொடியைச் சாப்பிடுவது போதவில்லை. பிரிட்டனில் சுமார் 600 பெண்களிடம் நடத்தி 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் அது தொற்று மீண்டும் வருவதைக் குறைக்கவில்லை. எனவே ஃபிம்ஹெச்சின் குழியில் மேனோஸைவிடப் பல மடங்கு உறுதியாகப் பொருந்தும் மூலக்கூறுகளை உருவாக்குகிறார்கள். இவை கிருமியைக் கொல்வதில்லை. அதன் பிடியை மட்டும் தடுக்கின்றன. ஆண்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துவரும் இக்காலத்தில், இந்த வழி முழு ஆதரவுக்கு உரியது.