"நல்லாயிருக்கு" என்றால் போதுமா?

சாம்பார் எப்படி இருக்கு என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்கிறார்கள். உப்பு ஒரு கல் தூக்கலா, புளி போதவில்லையா என்று யாரும் சொல்வதில்லை. சமைத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையால் என்ன பிரயோஜனம்? சாம்பாராவது ராத்திரிக்குள் தீர்ந்துபோகும். ஒரு பெண் சொந்தத் தொழிலுக்கு வைக்கிற சின்னம் அப்படியில்லை. கடைப் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் வருஷக்கணக்கில் நிற்கப் போவது. அதைக் காட்டி நம்மிடம் அபிப்பிராயம் கேட்டால் எப்படிச் சொல்வது, பிறர் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது? இதைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவள் என் தங்கை மகள்.

அவள் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருஷம் வேலை பழகியவள். இப்போது கல்யாணம், வளைகாப்பு, குழந்தைகள் என்று தானே போட்டோ எடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறாள். காமிராவுக்காக என் தங்கை இரண்டு வளையலை அடகு வைத்தாள். பலகை, கார்டு, ஆல்பம் அட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையில் மிச்சம் இருந்தது கொஞ்சம் பணம்தான். ஒரு முறை அச்சடித்தால் மறுமுறை அடிக்க வழியில்லை.

சின்னத்தை அவளே வரைந்தாள். ஒரு வட்டம், அதற்குள் ஆறு தகடுகள், நடுவில் அவள் பெயரின் முதல் எழுத்து. கீழே மெல்லிய பொன்னிற எழுத்தில் கடையின் பெயர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கட்டைவிரலும் பூங்கொத்துமாக வந்து குவிந்தன. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

என் அம்மா மட்டும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, மிக்ஸி ரிப்பேர் கடையா வைக்கப் போறே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டோம். என் அண்ணன் அதோடு விடாமல், "பொம்பளைப் பிள்ளைக்கு இந்தக் கல்யாண வீட்டு அலைச்சல் எதுக்கு? பேசாம ஒரு வேலைக்குப் போ" என்றார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

இரண்டு பேரும் சொன்னது குறைதான். ஆனால் அம்மா சொன்னது, தன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதை. அண்ணன் சொன்னது சின்னத்தைப் பற்றியே இல்லை, அவளைப் பற்றி. முதலாவதை வைத்து வேலையைத் திருத்தலாம். இரண்டாவதை வைத்து மனசு ஒடிவதைத் தவிர ஒன்றும் நடக்காது.

பாட்டியின் கண் ஏன் முக்கியம்?

லென்ஸுக்குள்ளே வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் மெல்லிய தகடுகள் உண்டு. அவள் வரைந்தது அதைத்தான். காமிரா பிடிப்பவர்களுக்கு அது பார்த்தவுடன் புரியும். ஆனால் அவளுக்குக் காசு கொடுக்கப் போகிறவர் பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அப்பாவும். அவர்களுக்குத் தெரிந்த தகடு மிக்ஸி பிளேடுதானே!

பெரிய கம்பெனிகளும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. ஜப்பானில் 1934-ல் செய்த ஒரு மாதிரிக் காமிராவுக்கு, பௌத்தர்கள் கருணையின் வடிவாக வணங்கும் கன்னோனை நினைத்து 'குவானன்' என்று பெயர் வைத்தார்கள். சின்னத்தில் ஆயிரம் கைகளோடு கன்னோன் உருவம், சுற்றிலும் தீச்சுடர். செய்தவர்களுக்கு அது பக்தி. ஆனால் உலகம் முழுக்க விற்க வேண்டுமானால் எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் பெயர் வேண்டுமே என்று 1935-ல் 'கேனன்' என்று மாற்றினார்கள். இன்று நாம் பார்க்கும் எளிய எழுத்துச் சின்னம் 1956-லிருந்து இருப்பது. நம் எல்.ஐ.சி. சின்னத்தையே பாருங்கள். விளக்குச் சுடரை இரண்டு கைகள் காக்கின்றன. அதற்கு யாராவது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதா?

சொல்லுகிறவர்களுக்கு

நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், கண்ணில் முதலில் பட்டது என்ன என்று சொல்லுங்கள். "எனக்குப் பிடிக்கலை" என்பதைவிட "பெயரைப் படிக்க முடியலை" என்பது ஆயிரம் மடங்கு உதவி.

குறையைச் சொல்லுங்கள், மருந்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். "மயில் போடு, ரோஜாப்பூ போடு" என்று ஆளுக்கொன்று சொன்னால் சின்னம் கோலப் புத்தகம் ஆகிவிடும்.

நன்றாக இருப்பது எது என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திருத்துகிறபோது அதையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். குறையை நாலு பேர் நடுவே சொல்லாமல் தனியே சொன்னால் காதில் ஏறும்.

கேட்டுக்கொள்கிறவர்களுக்கு

"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். ஐந்து எண்ணுகிற நேரம் காட்டிவிட்டு மூடிவிடுங்கள். "இது என்ன கடை? பெயர் என்ன?" என்று கேளுங்கள்.

பதில் வரும்போது விளக்கம் சொல்லக் கூடாது. இதுதான் மிகவும் கஷ்டம்! "அது அப்படி இல்லை ஆன்ட்டி, அது லென்ஸ்" என்று வாய் துறுதுறுக்கும். கடைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்க விளக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு நோட்டில் எழுதுங்கள்.

ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ருசியாக இருக்கலாம். தனித்தனியே மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் அது சின்னத்தின் குறை. எதையும் அன்றே மாற்றாமல் ஒரு ராத்திரி ஆறப் போடுங்கள். முகம் வாடியிருக்கும்போது எடுக்கிற முடிவு சரியாக வராது.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

சின்னத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். போட்டோவின் மூலையில் அவ்வளவுதான் தெரியும். பிறகு சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் படம் வட்டமாகத்தான் தெரியும். அதில் ஓரங்கள் வெட்டுப்படுகிறதா என்றும் கவனியுங்கள். செல்போன் திரையில் மின்னுகிற பொன்னிறம் காகிதத்தில் மங்கிப்போகலாம். அச்சகத்தில் ஒரே ஒரு பிரதி வாங்கிப் பார்த்தபின் மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டினால் நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நெகிழ்வு குறைந்து கிட்டத்து எழுத்து மங்கும். வெள்ளெழுத்து என்பது இதுதான். கல்யாணச் செலவு செய்கிற பெரியவர்கள் அநேகமாக இந்த வயசுக்காரர்கள். ஆகவே கண்ணாடி இல்லாமல் ஒரு பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். அதுபோல, ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. பெண்களுக்கு இது மிகவும் அபூர்வம். அதனால் பெண்கள் மட்டும் கூடிப் பார்த்தால் இந்தக் குறை வெளியே வராது. சிவப்பின் மேல் பச்சை எழுத்து வேண்டாம்.

என் தங்கை மகள் மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்குப் போனாள். நான்கு பேருக்குக் கடைப் பெயர் படிக்க வரவில்லை. இரண்டு பேர் மின்விசிறி என்றார்கள். தகடுகளை எடுத்துவிட்டு, அந்தக் காலத்து ஆல்பத்தில் போட்டோவைச் செருகும் நான்கு மூலைகளை வரைந்தாள். நடுவில் அதே எழுத்து, தடித்த கருநீலத்தில். இந்த முறை வேறு ஆறு பேரிடம் காட்டினாள். ஒரு தடவை பார்த்தவர்களுக்குத்தான் அது போட்டோக் கடை என்று தெரிந்துவிட்டதே! புதியவர்களில் ஐந்து பேர் "போட்டோ ஸ்டூடியோவா?" என்றார்கள்.

என் அண்ணனிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். "மாமா, தொழில் பண்றதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். இதுல என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன் நம்பர் பொடிசா இருக்கு, பெரிசாப் போடு" என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நாலு பேரைக் கேட்டுத் தீராத விஷயம் ஒன்றும் உண்டு. அதே மாதிரிச் சின்னம் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்பது அது. வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு செய்தால் 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். காசு கொடுத்து வேறொருவரை வரையச் சொன்னால், பதிப்புரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எத்தனை வருஷத்துக்கு என்றும் எழுதச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி அது 5 வருஷத்துக்குத்தான்.

சகோதரிகளே, தையல் கடையோ, ஊறுகாய் வியாபாரமோ, போட்டோ ஸ்டூடியோவோ, தொழில் தொடங்கும் ஒரு பெண் உங்களிடம் தன் சின்னத்தைக் காட்டினால், கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டு நிமிஷம் நின்று பார்த்து, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அவள் பணம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் சொல்லுங்கள்.