நனைக்காத பனி

கோவளத்தில் வஞ்சிரத்தின் மேல் அள்ளிப்போடும் ஐஸ், வெயில் ஏறுவதற்குள் தண்ணீராகிப் பெட்டியின் அடியில் ஒழுகிவிடும். டிரை ஐஸ் ஒழுகாது. அது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78.5 டிகிரியில் திரவமாகாமல் நேரே ஆவியாகிவிடும்.

ஆலைகளின் துப்புரவுக்கு இந்தக் குணம்தான் உதவுகிறது. அரிசி பருமனுள்ள டிரை ஐஸ் மணிகளைக் கம்ப்ரஸர் காற்றோடு குழாய் வழியே பீய்ச்சுகிறார்கள். மணி மென்மையானது, மோதும் வேகத்தில் மட்டும் அழுக்கு போய்விடாது. குளிரும் சேர்ந்து வேலை செய்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோ ரப்பர் படலமோ சட்டென்று குளிர்ந்து சுருங்கி நொறுங்கும். அடியிலுள்ள இரும்பு அந்த அளவுக்குச் சுருங்காது; பிடி விட்டுப்போகும். விரிசலுக்குள் நுழைந்த துகள் அங்கேயே வாயுவாகிச் சுமார் 800 மடங்கு பெருத்து, மிச்சத்தை நெம்பித் தள்ளும்.

டயர் ஆலைகளில் அச்சைக் கழற்றாமல், ஆறக்கூட விடாமல், சூட்டோடு இப்படிச் சுத்தம் செய்ய முடிகிறது. மணல் பீய்ச்சினால் அச்சின் நுண்வரிகள் தேயும்; மணலையும் கூட்டி அள்ள வேண்டும். இங்கே கீழே விழுவது அழுக்கு மட்டும்தான். அணுமின் துறை இதை விரும்புவதும் அதனால்தான்: தண்ணீரால் கழுவினால் அந்தத் தண்ணீரும் கதிரியக்கக் கழிவாகிவிடுமே.

‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உர ஆலைகளும் சாராய ஆலைகளும் எப்படியும் வெளியேற்றும் வாயுவைத்தான் பெரும்பாலும் பிடித்து உறைய வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கும் கம்ப்ரஸருக்கும் ஆகும் மின்சாரம் சும்மா வருவதில்லை. தவிர, இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மூடிய அறையில் தரையோடு தேங்கி ஆளையே சாய்த்துவிடும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் உப்பை இதைக் கொண்டு எடுக்கலாமே? வேலைக்கு ஆகாது. உப்பு கல்லின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஈரத்தோடு துளைகளுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகி, உள்ளிருந்தே கல்லை உதிர்க்கிறது. அங்கே தொல்லியல் துறை கையாண்ட வழி நேர் எதிரானது. காகிதக் கூழை நீரில் ஊறவைத்துச் சிற்பங்களின் மேல் கனமாக அப்புகிறார்கள். ஈரம் உள்ளே போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயக் காய, கரைந்த உப்பு வெளியே வந்து அதில் தங்கும். காய்ந்ததை உரித்துவிட்டுப் புதிதாக அப்ப வேண்டும், உரித்த கூழில் உப்பு குறையும்வரை. கடற்காற்றோ ஓய்வதில்லை; கொஞ்ச காலத்தில் கூழை மறுபடி கரைக்க வேண்டியதுதான்.