சாலையோரத்திலிருந்து வண்டியை எடுத்தல்

சாலையோரத்திலிருந்து வண்டியை எடுத்தல் என்பது, சாலையின் ஓரத்தில் நிற்கும் வண்டியை நகர்த்தி, ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்தில் யாருக்கும் இடையூறு இன்றிச் சேர்ப்பதைக் குறிக்கும். ஓட்டப் பழகுபவர் முதல் நாளிலேயே செய்யத் தொடங்கும் செயல் இது. இதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு திறன்கள் ஒரே சில நொடிகளுக்குள் தேவைப்படுகின்றன. ஒன்று, எஞ்சின் அணைந்துவிடாமல் கிளட்ச்சை விடும் கால் பழக்கம். மற்றது, பின்னால் என்ன வருகிறது என்று பார்த்து அறியும் கண் பழக்கம். கால் தவறினால் பெரும்பாலும் எஞ்சின் அணைவதோடு போய்விடும். கண் தவறினால் பின்னால் வரும் இருசக்கர வண்டியோட்டி கீழே விழக்கூடும். பழகுபவரின் கவனமோ பெரும்பாலும் காலிலேயே இருக்கிறது.

இக்கட்டுரை, சாலையின் இடப்பக்கம் செல்லும் வழக்கம் உள்ள இந்தியாவில், கையால் கியர் மாற்றும் மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டது. இலங்கையிலும் இடப்பக்கம் செல்லும் வழக்கமே உள்ளதால் அங்கும் பொருந்தும்.

சட்டமும் தேர்வும்

இந்தியாவில் ஓட்டுநர் உரிமம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் கீழும் வழங்கப்படுகிறது. பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாகும். அதைப் பெற்று 30 நாட்களாவது கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலும். பழகுபவர் ஓட்டும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளின் மகிழுந்துகளில் பயிற்றுநரும் வண்டியை நிறுத்தக்கூடிய இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டிருப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் ஓட்டுநர் தேர்வு என்றவுடன் 'எட்டுப் போடுவது' பற்றியே பேச்சு எழும். ஆனால் மேற்கண்ட விதிகளில் 15ஆவது விதி, தேர்வில் காட்ட வேண்டிய திறன்களை வரிசையாகக் கூறுகிறது. பின்னோக்குக் கண்ணாடியைச் சரிசெய்தல், எஞ்சினை இயக்கும் முன் தக்க முன்னெச்சரிக்கை எடுத்தல், நேராகவும் கோணத்திலும் பாதுகாப்பாகவும் சீராகவும் வண்டியை எடுத்தல் ஆகியவை அப்பட்டியலின் தொடக்கத்திலேயே வருகின்றன. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் எடுப்பதும் அதில் உண்டு. சைகை காட்டும் முன் பின்னோக்குக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவ்விதி குறிப்பிடுகிறது. முதலில் பார்வை, பிறகே சைகை என்ற இவ்வரிசை முக்கியமானது.

கிளட்ச் செய்யும் வேலை

எஞ்சின் அணைந்து போவதைப் பழகுபவர்கள் தங்கள் கைராசிக் குறைவாகக் கருதுவதுண்டு. இதன் காரணம் எளிய கணக்கில் உள்ளது. சும்மா ஓடும் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். சிறிய மகிழுந்து ஒன்றில் முதல் கியரும் இறுதிப் பற்சக்கரங்களும் சேர்ந்து இச்சுழற்சியை ஏறத்தாழ 14இல் ஒரு பங்காகக் குறைக்கும். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 57 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் எனில், வண்டி மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதாவது, எஞ்சினும் சக்கரமும் முழுமையாக இணைந்திருக்கும்போது வண்டி செல்ல வேண்டிய வேகம் மணிக்கு 6 கி.மீ. ஆனால் நிற்கும் வண்டியின் வேகம் சுழியம். இந்தச் சுழியத்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஈடுகட்ட, கிளட்ச் தட்டு வழுக்கிக்கொண்டே சுழல வேண்டும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், எஞ்சின் ஒரு கணத்தில் நிற்கும் சக்கரத்தின் வேகத்துக்கு இழுக்கப்படுகிறது. அவ்வளவு குறைந்த சுழற்சியில் அதனால் ஓட இயலாது, அணைந்துவிடுகிறது.

வழுக்கல் தொடங்கும் மிதியின் நிலையைப் பயிற்சிப் பள்ளிகளில் 'ஆஃப் கிளட்ச்' என்பர். மிதியை மெதுவாக மேலே விடும்போது எஞ்சினின் ஒலி சற்றுத் தாழும், வண்டியில் மெல்லிய அதிர்வு தோன்றும், முன்பகுதி இலேசாக எழுவது போல் இருக்கும். அந்த இடத்தில் காலை ஓரிரு நொடிகள் அசையாமல் வைத்திருக்க வேண்டும். வண்டி நகர்ந்து சிறிது வேகம் பெற்ற பின்னரே மிதியை முழுவதும் விட வேண்டும். சமதளத்தில் பல வண்டிகள், குறிப்பாகத் தாழ்ந்த சுழற்சியிலும் நல்ல முறுக்குவிசை தரும் டீசல் வண்டிகள், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே இவ்வாறு நகர்ந்துவிடும். இந்நிலை வண்டிக்கு வண்டி மாறுபடும். தட்டு தேயத் தேய ஒரே வண்டியிலும் மாறலாம். எனவே புதிய வண்டி ஒன்றில் அமர்ந்தால், சாலைக்கு வரும் முன் ஆளில்லாத இடத்தில் நான்கைந்து முறை இந்த நிலையைத் தேடிப் பார்ப்பது நல்லது. நகர்ந்த பிறகும் மிதியின் மேல் காலை ஊன்றியபடியே ஓட்டுவது தட்டை வீணாகத் தேய்க்கும்.

கண்ணாடியில் தெரியாத இடம்

மகிழுந்தின் உட்புறக் கண்ணாடி பின்சாளரத்தின் வழியே தெரிவதை மட்டுமே காட்டும். வெளிப்புறக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவி ஆடிகள். இவை பரந்த பகுதியைக் காட்டினாலும், உருவங்களைச் சிறியதாக்கிவிடுவதால், அருகில் வரும் வண்டி தொலைவில் இருப்பது போல் தோன்றும். கண்ணாடியில் புள்ளியாகத் தெரியும் இருசக்கர வண்டி நினைத்ததை விட விரைவில் வந்துவிடுவதன் காரணம் இதுவே.

கண்ணாடிகள் அனைத்தையும் சேர்த்தாலும் காட்டாத பகுதி ஒன்று உண்டு. ஓட்டுநரின் வலத் தோளுக்குச் சற்றுப் பின்னால், வலக் கண்ணாடியின் எல்லைக்கும் நேராகப் பார்க்கையில் பக்கவாட்டில் தெரியும் எல்லைக்கும் இடையே அது அமைகிறது. இதனைக் குருட்டுப் பகுதி என்பர். ஒரு மோட்டார் சைக்கிளும் அதன் ஓட்டியும் முழுமையாக மறைய இப்பகுதி போதுமானது. சாலையோரத்திலிருந்து வலப்பக்கமாக வெளியேறும் வண்டிக்கு, மிக ஆபத்தான வண்டி கடைசிக் கணத்தில் இருக்கக்கூடிய இடமும் இதுவேயாகும். கண்ணாடியை எவ்வளவு திருத்தி அமைத்தாலும் இது நீங்குவதில்லை. தலையைத் திருப்பி வலத் தோளுக்கு மேலாகப் பார்ப்பது ஒன்றே வழி. இந்தியாவில் ஓட்டுநர் வலப்பக்கச் சாளரத்தை ஒட்டியே அமர்வதால் இது கடினமும் அன்று.

பின்னால் மட்டும் பார்த்தால் போதாது. நடுத்தடுப்பு இல்லாத சாலையில், எதிரே வரும் ஒருவர் வேறு வண்டியை முந்திக்கொண்டு நம் பக்கத்தில் வரக்கூடும். நம் ஊர்களில் சாலையின் ஓரமாக எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும் உண்டு. அது விதிமீறல்தான், ஆனாலும் அவர் வருவார் என்று எண்ணியே பார்க்க வேண்டும். வண்டிக்கும் நடைமேடைக்கும் இடையில் உள்ள இடப்பக்க இடைவெளியில் குழந்தையோ மிதிவண்டியோ நுழைந்திருக்கலாம். வண்டியில் ஏறும் முன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்ப்பது, உட்கார்ந்த பின் தெரியாத இவற்றைக் காட்டிவிடும். வண்டியின் அடியில் நிழலுக்குப் படுத்திருக்கும் நாயையும் அப்போதுதான் காண முடியும்.

எவ்வளவு இடைவெளி போதும்

'வண்டி தூரத்தில்தான் வருகிறது' என்ற மதிப்பீட்டை எண்களில் பார்ப்போம். பழகுபவர் ஒருவர் நொடிக்கு 1 மீட்டர்/நொடி என்ற மென்மையான முடுக்கத்தில் வண்டியை எடுக்கிறார். பின்னால் வரும் வண்டி மணிக்கு 40 கி.மீ., அதாவது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் வேகத்தில் வருகிறது. முன்னவர் அதே வேகத்தை எட்ட 11 நொடிகள் ஆகும். அதற்குள் அவர் கடப்பது ஏறத்தாழ 62 மீட்டர். பின்னவரோ 123 மீட்டர் கடந்துவிடுவார். ஆகவே பின்னவர் வேகத்தைக் குறைக்காமலேயே இருவரும் மோதாதிருக்க, தொடக்கத்தில் குறைந்தது 62 மீட்டர் இடைவெளி தேவை. இது ஐந்து பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். இதற்கு மேல் இரு வண்டிகளுக்கும் இடையே விடவேண்டிய பாதுகாப்பான தூரம் தனி.

பின்னவர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால் தேவைப்படும் இடைவெளி ஏறத்தாழ 139 மீட்டராகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் இடைவெளி இரண்டேகால் மடங்காகிறது. நகரத் தெருவில் பழகிய கண்ணளவை நெடுஞ்சாலையில் பயன்படுத்துவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும். நடைமுறையில் பின்னவர் பிரேக்கைத் தொட்டுச் சற்று இடம் கொடுப்பார். ஆனால் அவரைத் தொடச் செய்வதே இடையூறுதான். ஈரச் சாலையில் இருசக்கர வண்டியின் திடீர் பிரேக் அவரைச் சறுக்கவும் செய்யலாம்.

செயல்களின் வரிசை

இருக்கை, கண்ணாடிகள், இருக்கைப் பட்டை ஆகியவற்றைச் சரிசெய்து, கதவுகள் மூடியிருப்பதை உறுதிசெய்த பின், ஹேண்ட் பிரேக் போட்டபடி நியூட்ரலில் எஞ்சினை இயக்க வேண்டும். கிளட்ச்சை முழுவதும் மிதித்து முதல் கியரைப் போட்டு, மிதியை ஆஃப் கிளட்ச் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி இப்போது புறப்படத் தயாராக நிற்கிறது. ஹேண்ட் பிரேக் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இதன் பிறகே கண்ணின் வேலை. உட்புறக் கண்ணாடி, இடக் கண்ணாடி, முன்புறம், வலக் கண்ணாடி என்று பார்த்து, இடைவெளி இருப்பின் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, வலத் தோளுக்கு மேலாகக் கடைசியாக ஒருமுறை பார்த்து, உடனே ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். முதலில் நன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு குனிந்து கியரைத் தேடுவார்கள், கிளட்ச்சைச் சரிபார்ப்பார்கள், ஹேண்ட் பிரேக்கை விடுவார்கள். இதற்குள் மூன்று நொடிகள் கடந்திருக்கும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 33 மீட்டர் வந்துவிடும். பார்த்தபோது இருந்த சாலை வேறு, புறப்படும்போது உள்ள சாலை வேறு. கடைசிப் பார்வைக்கும் நகர்வுக்கும் இடையே இரண்டு நொடிக்கு மேல் போனால் மீண்டும் பார்த்தே ஆக வேண்டும். அதே வேளையில் ஆஃப் கிளட்ச்சில் நெடுநேரம் காத்திருப்பதும் தட்டுக்கு நல்லதன்று. சாலை ஓயாது என்று தெரிந்தால் மிதியை மீண்டும் முழுவதும் அழுத்திக்கொள்ளலாம்.

இண்டிகேட்டர் ஓர் அறிவிப்பு, வழி கேட்கும் உரிமை அன்று. அது மின்னுகிறது என்பதற்காக யாரும் நிற்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஓரத்திலிருந்து வெளிவரும்போது ஸ்டீயரிங் சிறிதளவே திரும்புவதால், அது பல வேளைகளில் தானாக அணைவதில்லை. கையால் அணைக்காவிட்டால், பின்னால் வருபவர் இவர் வலப்பக்கம் திரும்பப் போகிறார் என்று எண்ணிக்கொண்டே வருவார்.

சாலையின் நடுவே எஞ்சின் அணைந்துவிட்டால் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து மீண்டும் இயக்கலாம். பின்னால் ஒலிக்கும் ஹாரனுக்காக அவசரப்பட்டால் இரண்டாம் முறையும் அணைவதே வழக்கம்.

ஏற்றத்திலும், முன்னால் வண்டி நிற்கையிலும்

பத்துக்கு ஒன்று என்ற சரிவில் பிரேக்கை விட்ட வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ அரை மீட்டர் பின்னால் உருளும். கால் ஒரு மிதியிலிருந்து மற்றதற்கு மாறும் நேரமே அதற்குப் போதும். எனவே ஹேண்ட் பிரேக் பிடித்திருக்க, சமதளத்தை விடச் சற்றுக் கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னேறத் துடிப்பதை உணர்ந்த பின் பிரேக்கை விடுவர். இறக்கத்தில் வண்டி தானே உருண்டுவிடும் என்பதால், கால் பிரேக்கில் பிடித்துக்கொண்டு எடுப்பதே எளிது.

முன்னால் மற்றொரு வண்டி நின்றால் கோணத்தில் வெளிவர வேண்டும். அதன் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் ஓட்டுநருக்குத் தெரிந்தால், பொதுவாக வெளியேற இடம் உண்டு எனலாம். இங்கு ஆஃப் கிளட்ச்சிலேயே மிக மெதுவாக நகர்ந்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். நின்றபடி திருப்புவது டயரைத் தேய்க்கும். கோணம் கூடக் கூட வலக் கண்ணாடி சாலையைக் காட்டாமல் வேறு திசையைக் காட்டத் தொடங்கும். ஆகவே இதில் தோளுக்கு மேலான பார்வை ஒருமுறை போதாது.

தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளில் கிளட்ச் மிதி இல்லை. பிரேக்கை விட்டவுடன் பெரும்பாலானவை தாமே ஊர்ந்து செல்லும். கால் வேலை குறைந்தாலும் பார்வையின் வரிசை மாறுவதில்லை. வலப்பக்கம் செல்லும் வழக்கமுள்ள கனடா, பிரான்சு போன்ற நாடுகளில் வண்டி வலது ஓரத்தில் நிற்கும், ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார். அங்கே இண்டிகேட்டர் இடப்பக்கம், கடைசிப் பார்வை இடத் தோளுக்கு மேலாக. இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ ஓட்டிப் பழகி அங்கு செல்பவருக்குக் கழுத்து பழைய பக்கமே திரும்புவது, சாலையின் பக்கம் மாறியதை விடவும் நெடுநாள் நீடிக்கும் பழக்கமாகும்.