பால் சுரக்கத் தாமதமா? போத்தலைத் தேடாதீர்கள்

பதுளை வைத்தியசாலையில் சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள். பால் நிறைந்து வருவதோ பிறந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் தாய் பசறையிலோ நமுனுகுலையிலோ லயக் காம்பராவுக்குத் திரும்பியிருப்பாள். பக்கத்தில் தாதி இல்லாத ராத்திரியில் பிள்ளை வீறிட்டு அழும். "பால் இல்லபோல, சீனித் தண்ணியாவது குடும்மா" என்பார் மாமியார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சீனித் தண்ணீரில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைச் சப்பாது. சப்பாவிட்டால் பால் ஊறாது. கொதிக்க வைக்காத பீலித் தண்ணீர் என்றால் வயிற்றோட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பிறந்த அன்று ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே பிள்ளைக்குப் போதும். 72 மணித்தியாலம் கடந்தும் மார்பு நிறையாவிட்டால்தான் தாமதம் என்று கொள்ள வேண்டும். தலைப்பிரசவம், நீண்ட வலி, சிசேரியன், நீரிழிவு காரணமாகலாம். அதிக ரத்தம் போயிருந்தாலோ நச்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருந்தாலோ வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். எதிலும் தாயின் குற்றம் இல்லை.

பிள்ளையைச் சட்டையில்லாமல் நெஞ்சோடு அணைத்து, மேலே கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். ராத்திரியும் சேர்த்து நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுங்கள். கொடுத்து முடிந்ததும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கறுப்பு வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கிவிடுங்கள். தோலைத் தேய்க்க வேண்டாம். நாலு சொட்டு வந்தாலும் சுத்தமான கரண்டியில் ஊட்டலாம். பால் சுரக்கும் மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் பாமசியில் வாங்காதீர்கள்.

பால் போதுமா என்று அழுகையை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நனைந்த துணிகளை எண்ணுங்கள். இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக்கூடாது. அதற்குள் கறுப்பு மலமும் மஞ்சளாக வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, பால் குடிக்கவும் எழும்பாமல் தூங்கினாலோ, காலெல்லாம் மஞ்சளித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை. மேலதிகப் பால் கொடுக்கும்படி வைத்தியர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது.

முதல் பத்து நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மலையிலிருந்து இறங்கிப் போய்வந்தால் கிலோ குறையும், அரைப் பேர் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பல தாய்மார் இதைக் கேட்பதேயில்லை. கேளுங்கள். மறுத்தால் தோட்டத் தலைவர் மூலமோ நேராகவோ பதுளை தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கலாம்.