“வெறும் காற்றுதானே, சார்?”

ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்து போயிருப்பீர்கள். பள்ளிவாசல், நகைக்கடைகள், நாணயமாற்றுக் கடைகள், குவான் இன் கோயில் என்று நீளும் அந்தச் சாலையின் தெற்கு முனை லெபோ கெனன் என்ற சிறிய தெருவில் போய்ச் சேரும். கெனன் என்றால் பீரங்கி. 1867ஆம் ஆண்டுக் கலவரத்தில் சுடப்பட்ட குண்டுகள் அங்கே பள்ளம் பறித்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சாலையின் வடக்கு முனையிலிருந்து சற்று நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. 1603இல் வார்க்கப்பட்ட ஸ்ரீ ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கி அங்கே இருக்கிறது.

பீரங்கியை யாரும் விளையாட்டுப் பொருளாக நினைப்பதில்லை. ஆனால் காற்றுத் துப்பாக்கியை அப்படி நினைப்பவர்கள் பலர். பள்ளி விடுமுறையில் சென்னைக்குப் போய் வந்த மாணவர் ஒருவர் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். இணையத்தில் விற்பனைக்கு வந்த மலிவான காற்றுத் துப்பாக்கியின் படம். “மெரினா கடற்கரையில் பலூன் சுட்டேன், சார். அதே மாதிரிதான் இது. உள்ளே வெடிமருந்து இல்லை, வெறும் காற்றுதானே? வாங்கலாமா?”

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் அந்த ‘வெறும் காற்று’ என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் கையே வெடிமருந்து

மெரினாவின் பலூன் கடையில் இருப்பது குழலை மடக்கும் வகைத் துப்பாக்கி. குழலின் அடிப்பகுதியில் ஒரு கீல் உண்டு. குழலின் நுனியைப் பிடித்துக் கீழே மடக்கும்போது, உள்ளே இருக்கும் பிஸ்டன் பின்னால் தள்ளப்படுகிறது. பிஸ்டனுக்குப் பின்னே இருக்கும் வலுவான சுருள்வில் அமுங்குகிறது. ஒரு கொக்கி பிஸ்டனைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. குழலின் திறந்த அடிவாயில் ஈய ரவை ஒன்றை வைத்துக் குழலை நிமிர்த்தினால், துப்பாக்கி சுடத் தயார்.

இங்கே குழல்தான் நெம்புகோல். சுருள்வில்லை 8 சென்டிமீட்டர் அமுக்கச் சராசரியாக 400 நியூட்டன் விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமமான விசை அது. நேரடியாகக் கையால் அமுக்குவது கடினம். ஆனால் குழலின் நுனியைப் பிடித்த கை 80 சென்டிமீட்டர் தூரம் நகர்கிறது என்றால், தூரம் பத்து மடங்கு. விசை பத்தில் ஒரு பங்கு. உராய்வை ஒதுக்கிவிட்டால் 40 நியூட்டன் போதும். எப்படிக் கணக்கிட்டாலும் வேலை ஒன்றுதான்: 32 ஜூல். அந்தச் சக்தி உங்கள் கையிலிருந்து சுருள்வில்லுக்குப் போய் அங்கே காத்திருக்கிறது.

டிரிகரை இழுத்ததும் கொக்கி விலகுகிறது. பிஸ்டன் முன்னே பாய்ந்து, உருளையில் இருக்கும் காற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நசுக்குகிறது. அந்தக் காற்று ரவையைக் குழல் வழியே தள்ளுகிறது. பீரங்கியிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே அழுத்தத்தைத் தருவது எரியும் மருந்து, இங்கே சுருள்வில்.

கோபெக் அப்பி சொல்லும் பாடம்

காற்றை வேகமாக நசுக்கினால் அழுத்தம் மட்டுமா கூடும்? வெப்பமும் கூடும். மலாய்க்காரர்களின் பழைய கருவியான ‘கோபெக் அப்பி’ இதைத்தான் பயன்படுத்தியது. ஒரு பக்கம் அடைத்த சிறு குழாய், அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு, தண்டின் நுனியில் எளிதில் பற்றும் பஞ்சு. தண்டைச் சட்டென்று ஓங்கி அடித்தால் பஞ்சு கனலும். தீக்குச்சி இல்லாமலே நெருப்பு!

27 பாகை செல்சியசில் இருக்கும் காற்றை, வெப்பம் சிறிதும் வெளியேறாதபடி இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால், கணக்குப்படி அதன் வெப்பநிலை 700 பாகையைத் தாண்டும். அழுத்தம் 60 மடங்குக்கு மேல் உயரும். டீசல் இயந்திரத்தின் அடிப்படையும் இதுவே. ருடால்ஃப் டீசலின் பேராசிரியர் கார்ல் வான் லிண்டே பினாங்கில் பெற்ற ஒரு கோபெக் அப்பிதான் டீசலுக்கு அந்த யோசனையைத் தந்தது என்று ஒரு கதையும் உண்டு.

இது காற்றுத் துப்பாக்கிக்கும் பொருந்தும். உருளைக்குள் தேவையில்லாமல் எண்ணெய் விட்டால், சுடும்போது அந்த எண்ணெய் பற்றி வெடிக்கும். துப்பாக்கி கெடுவதுடன், ரவை எதிர்பாராத வேகத்தில் போகும். ரவை போடாமல் சுடுவதும் தவறு. ரவை இருந்தால் அதற்குப் பின்னே நசுங்கிய காற்று பிஸ்டனுக்கு ஒரு மெத்தைபோல் இருக்கும். ரவை இல்லையென்றால் காற்று முன்கூட்டியே தப்பிவிட, பிஸ்டன் உருளையின் முனையில் நேராகப் போய் மோதும்.

10 ஜூல் என்றால் எவ்வளவு?

4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரவையின் நிறை ஏறக்குறைய அரை கிராம். அது நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் இயக்கச் சக்தி என்ன? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 10 ஜூல். கை கொடுத்த 32 ஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வெப்பமாகவும் ஒலியாகவும் அதிர்வாகவும் போய்விடுகிறது.

ஒரு கிலோ எடையுள்ள புத்தகம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஏறக்குறைய 10 ஜூல்தான். புத்தகம் காலில் விழுந்தால் வலிக்கும், அவ்வளவுதான். ஏனென்றால் அந்தச் சக்தி அகலமான பரப்பில் பரவுகிறது. ரவையின் முகப்பரப்போ 16 சதுர மில்லிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதனால் தோலைத் துளைக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். குறி தவறிய ரவை சில நூறு மீட்டர் வரை பறக்கக்கூடும். சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் நம் ஊரின் பின்சந்துகளில் அது யார்மேல் படும் என்று எப்படிச் சொல்வது?

சென்னையில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். மலேசியாவின் சட்டம் வேறு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கியும் அதன் உதிரிப்பாகங்களும் அடங்கும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். “இணையத்தில் விற்றார்கள், வாங்கினேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. என் மாணவரின் கேள்விக்குப் பதில் இதுதான்: வாங்காதீர்கள், தம்பி.

ஆசை இருந்தால் வழியும் உண்டு

சுடுவதில் ஆர்வம் வருவது தவறில்லை. அதற்கென்று இடம் இருக்கிறது. ஆயிர் ஈத்தாமில் இருக்கும் ‘ரைபிள் ரேஞ்ச்’ அடுக்குமாடி வீடுகளுக்கு அந்தப் பெயர் வந்ததே முன்பு அங்கே ஒரு சுடும் திடல் இருந்ததால்தான். உரிமம் பெற்ற சுடும் சங்கத்தில், பெற்றோரின் சம்மதத்துடன், பயிற்றுநரின் கண்முன்னே கற்க வேண்டும்.

முதல் நாளே அங்கு சொல்லித் தரப்படும் விதிகள் எளியவை. எந்தத் துப்பாக்கியிலும் ரவை இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதீர்கள். குறிவைத்து முடிக்கும்வரை விரல் டிரிகரில் இருக்கக்கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி அணியுங்கள். ரவை ஈயம் என்பதால் பயிற்சி முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மடக்குக் குழலுக்கென்று இன்னொரு விதியும் உண்டு: ரவை வைக்கும்போது மறு கை குழலை விடவே கூடாது. கொக்கி நழுவினால் குழல் சட்டென்று நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும்.

பிறகுதான் குறி. 10 மீட்டரைக் கடக்க ரவைக்கு 0.05 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 1.2 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் நின்றதும் முன்னே உதைக்கும். ரவை குழலைவிட்டு வெளியேறுவதற்குள் இந்தக் குலுக்கல் தொடங்கிவிடும். அதனால்தான் சுருள்வில் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக, மென்மையாகப் பிடிக்கச் சொல்வார்கள். இந்தக் குலுக்கலைத் தவிர்க்கவே இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் முன்கூட்டியே காற்று அடைத்த துப்பாக்கியைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களின் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான். நம் நாட்டின் நூர் சுரியானி தாய்பி, எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்த வட்டத்தை நோக்கிச் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றார். இருவரும் தேர்ந்தெடுத்தது காற்றுத் துப்பாக்கியைத்தான்.

வீட்டில் செய்து பாருங்கள்

இதற்குத் துப்பாக்கி வேண்டாம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்ப் போதும். அதன் வாயை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, இருபது முறை வேகமாக அழுத்துங்கள். பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அடுத்து, அதே இருபது முறை மெதுவாக அழுத்திப் பாருங்கள். சூட்டில் என்ன வித்தியாசம் தெரிகிறது, ஏன் என்று எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். என் மாணவர் எழுதிக் காட்டிவிட்டார். “வெறும் காற்று” என்று அவர் இப்போது சொல்வதில்லை.