மேசைப்பந்து ஆட நல்ல பந்து எது?

மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அன்று பால்வெட்டு இல்லை. அத்தகைய நாள்களில் நம் தோட்டத்து இளைஞர்கள் காலையிலேயே பொது மண்டபத்தில் கூடிவிடுகின்றனர். திடலில் நீர் தேங்கிக் கிடப்பதால் காற்பந்துக்கு வழியில்லை. மண்டபத்தின் நடுவே நிற்கும் மேசைப்பந்து மேசையே அன்று முழுவதும் அவர்களுக்குத் துணை. ஒரு மேசை, ஒரு வலை, நான்கு மட்டைகள் இருந்தால் இருபது பேர் மாறி மாறி ஆடலாம். செலவு குறைந்த விளையாட்டு என்று இதனைக் கூறுவர். பந்தைப் பார்த்து வாங்கத் தெரியாத மன்றங்களுக்கோ இதுவே செலவு மிகுந்த விளையாட்டாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, அங்குள்ள இளைஞர் மன்றத்தின் பொருளாளர் தம் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நான்கு மாதங்களில் ஏழு முறை பந்து வாங்கிய செலவு எழுதப்பட்டிருந்தது. "மாதச் சந்தாவில் பாதி பந்துக்கே போய்விடுகிறது, சார்" என்று அவர் வருந்தினார். அவர் வைத்திருந்த பந்துகளில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. பட்டணத்துக் கடையில் பொம்மைகளோடு பைகளில் தொங்குமே, அவ்வகைப் பந்துகள் அவை. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

அம்மன்றத்தில் திறமையாக ஆடும் பெண் ஒருவர், மாவட்டப் போட்டிக்குச் சென்று முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருந்தார். "இங்கே மேசைக்குள் விழுகிற அதே அடிதான், சார். அங்கே அடித்தால் மேசையைத் தாண்டிப் போய் விழுந்தது. ஏனென்றே தெரியவில்லை" என்றார். குறை அவருடைய கையில் இல்லை, பந்தில் இருந்தது. எடை குறைந்த பந்தைக் காற்று விரைவில் தடுத்து நிறுத்திவிடும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது மேசைக்குள்ளேயே விழும். அதிலேயே ஓராண்டு பழகிய கை, சரியான எடையுள்ள பந்தை அதே வேகத்தில் அடித்தால் அது நீண்ட தூரம் செல்லாமல் என்ன செய்யும்? ஓராண்டுப் பயிற்சி அவருக்கு ஒரே நாளில் பகையாகிவிட்டது.

ஆகவே, பந்து வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கு விளக்க விரும்புகிறோம்.

முன்னர் இப்பந்துகள் செல்லுலாயிட் என்னும் பொருளால் செய்யப்பட்டன. நைட்ரோ செல்லுலோசுடன் கற்பூரம் சேர்த்துச் செய்யப்படுவது அது. ஆம், கோயிலில் நாம் ஏற்றும் அதே கற்பூரம்தான். பழைய பந்து உடைந்தால் அதிலிருந்து ஒருவகை வாசனை வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். செல்லுலாயிட் மிக எளிதில் தீப்பற்றும். பற்றினால் நொடியில் எரிந்து தீரும். கொண்டு செல்வதிலும் சேமித்து வைப்பதிலும் இருந்த இந்த ஆபத்தை முன்னிட்டு, அனைத்துலக மேசைப்பந்து சம்மேளனம் 2014 ஜூலை 1 முதல் தன் போட்டிகளில் செல்லுலாயிட் அல்லாத பிளாஸ்டிக் பந்துகளைக் கொண்டுவந்தது.

பந்தின் அளவும் ஒருமுறை மாறியது. நெடுங்காலம் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டராக இருந்தது. 2000 பிப்ரவரியில் உலகக் குழுப் போட்டி நம் கோலாலம்பூரில் நடந்தபோது, அங்குக் கூடிய சம்மேளனமே அதனை 40 மில்லிமீட்டராக்க முடிவு செய்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. பந்து பெரிதானால் காற்றின் தடை கூடும், வேகம் சற்றுக் குறையும், காண்போர் கண்ணுக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும் என்பது நோக்கம். மீண்டும் 2016-இல் ஷா ஆலம் மலாவாத்தி அரங்கில் உலகக் குழுப் போட்டி நடந்தபோது பிளாஸ்டிக் பந்துகளே பயன்படுத்தப்பட்டன.

பிளாஸ்டிக் பந்தில் 40 என்னும் எண்ணை அடுத்து ஒரு கூட்டல் குறி அச்சிடப்பட்டிருக்கும். அதன் பொருள் இதுதான். செல்லுலாயிட் பந்தின் விட்டம் 39.5 முதல் 40.5 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று விதி இடமளித்தது. புதிய பந்தோ 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 40.6 வரை இருக்கலாம். அரை மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று மற்றவர் கேட்கலாம். பால்மரம் வெட்டுவோர் கேட்கமாட்டார்கள். கத்தி அவ்வளவு ஆழம் கூடுதலாக இறங்கினாலே மரம் காயப்படும் என்பதை அறிந்த கைகள் அவை.

எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கூட்டல் குறியை. அது இல்லாமல் வெறும் 40 என்றோ 38 என்றோ இருந்தால், அது பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த செல்லுலாயிட் சரக்காக இருக்கக்கூடும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதனை வாங்கிச் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம். வீட்டில் சாமி விளக்கு, கொசுவத்தி, அடுப்பு ஆகியவற்றின் அருகில் அத்தகைய பந்து உருண்டு சென்றால் என்னாகும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பந்தா புதிய பந்தா என்று அறியத் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்து நட்சத்திரங்கள். மூன்று நட்சத்திரம், ஒரு நட்சத்திரம், நட்சத்திரமே இல்லாத பயிற்சிப் பந்து எனக் கடையில் பல வகை காணலாம். நட்சத்திரம் என்பது அந்தந்த உற்பத்தியாளர் தம் சரக்கைத் தாமே பிரித்து இடும் குறி. எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் அதற்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் ஒரு நட்சத்திரப் பந்து, பெயர் தெரியாத வேறொருவரின் மூன்று நட்சத்திரப் பந்தைவிட மேலாக இருக்கலாம். நம்பத்தக்க குறி, சம்மேளனத்தின் ஒப்புதலைக் காட்டும் ஐ, டி, டி, எஃப் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள். மூன்று நட்சத்திரப் பந்துகளே அவ்வொப்புதலுக்கு அனுப்பப்படுகின்றன. போட்டி நடத்தும் நாளில் அவை வேண்டும். அன்றாடப் பயிற்சிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. அறியப்பட்ட நிறுவனத்தின் 40-உம் கூட்டல் குறியும் உள்ள பயிற்சிப் பந்தே போதும் என்பது நம் கருத்து.

பெட்டியில் ஏபிஎஸ் என்னும் எழுத்துகள் இருந்தால் மேலும் நல்லது. 2014-இல் வந்த முதல் பிளாஸ்டிக் பந்துகள் பல, செல்லுலோஸ் அசெட்டேட் என்னும் பொருளால் ஆனவை. அவை விரைவில் வெடித்துவிடுகின்றன என்று ஆட்டக்காரர்கள் பெரிதும் குறைகூறினர். பின்னர் வந்த ஏபிஎஸ் பந்துகள் பொதுவாக அவற்றைவிடக் கடினமானவை. கூடுதல் நாள் உழைப்பவை.

இனி, கையால் செய்யத்தக்க சோதனைகள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொறுமையாகச் செய்து பாருங்கள். சங்கப் பணம் நம் கையில் இருக்கிறது.

பெரும்பாலான பந்துகள் இரண்டு அரைக்கோளங்களை ஒட்டிச் செய்யப்படுகின்றன. ஒளிக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒரு வளையமாக அந்த ஒட்டு தெரியும். ஒட்டே இல்லாத பந்துகளும் உண்டு. ஒட்டுள்ள பந்தில் அவ்வளையம் ஒரே அகலத்தில் சீராக இருக்கிறதா என்று காணுங்கள். நகத்தால் வருடினால் மேடு தட்டக் கூடாது. பின்னர் இரு கட்டைவிரல்களால் ஒட்டின் மேலும், ஒட்டிலிருந்து தொலைவில் உள்ள உச்சிப் பகுதியிலும் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடம் கல்லாகவும் மற்றோரிடம் முட்டை ஓடுபோல் நெகிழ்ந்தும் இருந்தால் அப்பந்து வேண்டாம். அது மேசையில் எந்தப் பக்கம் படுகிறதோ அதற்கேற்ப வெவ்வேறாக எழும்பும்.

உருட்சியை அறியப் பந்தைச் சமமான கண்ணாடி மேசை மீது வைத்து விரல்களால் பம்பரம்போல் சுழற்றுங்கள். நல்ல பந்து நின்ற இடத்தில் அசையாமல் சுழலும். குறையுள்ள பந்து தலையாட்டும். அடுத்து அதே கண்ணாடி மீது மெதுவாக உருட்டிவிடுங்கள். நேராகச் செல்ல வேண்டும். வேகம் குறையும் வேளையில் ஒருபக்கம் வளைந்து திரும்பினால், அதன் ஓடு ஒருபுறம் தடித்திருக்கிறது என்று பொருள். கண்ணாடி சாய்ந்திருந்தாலும் பந்து வளையும். ஆதலால் திசையை மாற்றி இருமுறை உருட்டிப் பார்ப்பதே நியாயம்.

இதனை வீட்டில் இன்னும் தெளிவாகக் காண எளிய வழி ஒன்றுண்டு. அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பிப் பந்தை மிதக்கவிடுங்கள். அது ஓய்ந்து நின்றதும் மேலே தெரியும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பந்தைத் திருப்பி மீண்டும் மிதக்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புள்ளி மேலேயே வந்து நின்றால், எதிர்ப்புறம் கனமாக இருக்கிறது. புள்ளி எங்கேயாவது நின்றால் பந்து சமநிலை உடையது. பள்ளிப் பிள்ளைகளை இதனைச் செய்யச் சொல்லலாம். அறிவியல் பாடமும் ஆகும்.

எடைக்கு விதித்த அளவு 2.7 கிராம். ஒரு பந்தைச் சாதாரணத் தராசில் நிறுத்து அறிய இயலாது. பத்துப் பந்துகளை ஒரு பையிலிட்டு, பையின் எடையைக் கழித்தால் 27 கிராம் வர வேண்டும். நாம் மேலே கூறிய மன்றத்தின் பந்துகளை அவ்வாறு நிறுத்துப் பார்த்தோம். பத்தும் சேர்ந்து 20 கிராமைக்கூட எட்டவில்லை. மாவட்டப் போட்டியின் மர்மம் அங்கேயே தெளிந்தது.

துள்ளலுக்கு ஒரு பள்ளிக்கூட அளவுகோல் போதும். சம்மேளனத்தின் சோதனையில் பந்தை எஃகுக் கட்டை மீது 30.5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவர். அது 24 முதல் 26 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். நம்மிடம் எஃகுக் கட்டை இல்லை. மேசையில் 30 சென்டிமீட்டர் அளவுகோலை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து பந்தைத் தள்ளாமல் விடுங்கள். சுமார் 23 சென்டிமீட்டர் எழுந்தால் சரி. அந்த உயரம் உண்மையில் மேசைக்கு வகுத்த விதி. எல்லாப் பந்துகளும் ஒன்றுபோல் குறைவாக எழுந்தால் பழுது மேசையில் இருக்கலாம். ஒரே பெட்டியில் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் எழுந்தால் பழுது பந்தில்தான். துள்ளும்போது ஓசையையும் கேளுங்கள். நல்ல பந்து கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புள்ள பந்து 'சளக்' என்று மங்கி ஒலிக்கும்.

நிறம் வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ இருக்கலாம். பளபளப்பு இருக்கக் கூடாது. மண்டபச் சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருந்தால் ஆரஞ்சுப் பந்து கண்ணுக்கு எளிது. ஆட்டக்காரரின் சட்டை பந்தின் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும் என்பதும் விதி. வெள்ளைப் பனியனோடு வெள்ளைப் பந்தை ஆடுவது நம் மண்டபங்களில் அன்றாடக் காட்சி.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறையை மட்டும் பாருங்கள். பொம்மைப் பந்து 50 காசு, அது ஒரு மாலைப்பொழுது தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பயிற்சிப் பந்து 2 வெள்ளி, இரண்டு வாரம் தாங்குகிறது. பதினான்கு மாலைகளுக்கு முதலாவதற்கு 7 வெள்ளி ஆகிறது, இரண்டாவதற்கு 2 வெள்ளி. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: செருப்புக் காலால் மிதித்தால் எந்தப் பந்தும் பிழைக்காது. நம் மண்டபங்களில் பந்துகள் மட்டையால் மடிவதைவிடக் காலால் மடிவதே அதிகம் என்பது நாம் கண்ட உண்மை. மேசைக்கு அருகில் இருக்கும் நாற்காலிகளை அகற்றினாலே பாதிப் பந்துகள் தப்பும்.

நசுங்கிய பந்தைச் சுடுநீரில் இட்டு மீட்பது செல்லுலாயிட் காலத்துப் பழக்கம். பிளாஸ்டிக் பந்து அவ்வாறு உப்பி எழுந்தாலும் உருட்சி திரும்பாது. நசுங்கிய கோட்டிலேயே பின்னர் வெடிக்கும். புதிய பந்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைத் தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆடுங்கள். இல்லையேல் மட்டையின் ரப்பரில் அது ஒட்டி, பந்து வழுக்கும். அந்த ரப்பர்த் தகடுகள் பலவற்றில் இயற்கை ரப்பரும் சேர்கிறது. நாம் வெட்டும் பால் எந்த ஊர் மட்டையில் போய் ஒட்டுகிறதோ, யார் அறிவார்!

பந்துகளை மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ தகரக் கூரையை ஒட்டிய பரணிலோ வைக்க வேண்டாம். வெப்பம் பந்தின் உருவைக் கெடுக்கும். கனமான பொருள் மேலே ஏறாதபடி மூடியுள்ள பெட்டியில் வைத்து, நிழலான அலமாரியில் வையுங்கள். பயிற்சிப் பந்துகளும் போட்டிப் பந்துகளும் தனித்தனிப் பெட்டியில் இருக்கட்டும். வாங்கிய ரசீதையும் அப்பெட்டியிலேயே வைத்தால், சோதனையில் தவறிய பந்துகளை மறுநாளே கடையில் மாற்றிக் கேட்க வசதியாகும்.

நாம் சென்று வந்த தோட்டத்தில் இப்போது அப்படி இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. பயிற்சிப் பெட்டியின் மூடியில், பந்து வாங்கிய நாளையும் உடைந்த நாளையும் பொருளாளர் எழுதி வருகிறார். அப்பெண் மாலைதோறும் கூட்டல் குறியுள்ள பந்தில் ஆடிப் பழகுகிறார். முதல் வாரம் அடித்ததெல்லாம் வெளியே போயிற்றாம். மூன்றாம் வாரத்தில் பாதி உள்ளே விழத் தொடங்கியது என்று நமக்கு எழுதியிருக்கிறார்.